வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாறும் செயலி: நீலகிரியில் தென்படும் பழுதுகளும் அவற்றை நீக்கும் முறையும்

சுற்றுப்புற வெளிச்சத்தைப் பார்த்துத் தானாகவே நிறத்தை மாற்றிக்கொள்ளும் இடைமுகத்தைச் சமவெளியில் ஓர் அலுவலக அறைக்குள் அமர்ந்து சோதிப்பவருக்கு அதில் குறையே தென்படாது. அதே செயலியைக் கோத்தகிரிப் பக்கம் பசுந்தேயிலை எடை போடும் இடத்துக்குக் கொண்டு சென்றால், ஒரு முற்பகலுக்குள்ளேயே அதன் குறைகள் எல்லாம் வெளிப்பட்டுவிடும். நேர் வெயில், சில்வர் ஓக் மரங்களின் புள்ளி நிழல், திடீரென்று வந்து மூடும் பனி, தகரக் கூரையின் அரையிருட்டு ஆகிய நான்கையும் அங்கே சில நூறு அடிகளுக்குள் பார்த்துவிடலாம். இலையின் எடையைப் பதிவு செய்யும் ஒரு செயலியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, அடிக்கடி எழும் பழுதுகளை அறிகுறி வாரியாகக் கீழே விளக்குகிறேன். தராசுக்கு இப்பக்கம் நிற்கும் எழுத்தரும் அப்பக்கம் நிற்கும் சிறு விவசாயியும் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் படிக்க முடிய வேண்டும் என்பதே இங்கு அளவுகோல். அந்த எண்ணை நம்பித்தான் அவருடைய அன்றைய வருமானம் இருக்கிறது.

எந்த அறிகுறியானாலும், முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திரையின் ஒளிர்வைக் கூட்டிக் குறைப்பது ஃபோனின் வேலை. வெளிர் பின்புலத்தில் கறுப்பு எழுத்து வரும் லைட் தீமா, கறுத்த பின்புலத்தில் வெள்ளை எழுத்து வரும் டார்க் தீமா என்று முடிவு செய்வது உங்கள் செயலியின் வேலை. வெளிச்ச உணரி (சென்சார்), ஒரு பரப்பின்மீது விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில் ஓர் எண்ணைத் தருவதோடு சரி. இவற்றுள் எது பிசகுகிறது என்று தெரியாமல் நிறங்களைத் திருத்தத் தொடங்கினால் வேலை முடியவே முடியாது. ஆகவே, சோதனைப் பதிப்பில் திரையின் ஒரு மூலையில் அப்போதைய லக்ஸ் அளவும், நடப்பிலுள்ள தீமும், கடைசி மாற்றத்துக்கான காரணமும் சிறிய எழுத்தில் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிட்டுச் சோதிப்பதும் அவசியம். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அந்த முறை இயங்கும்போது டார்க் தீம் தானாகவே வந்துவிடும் என்பதால், இல்லாத பழுதைத் தேடி அலைய நேரிடும்.

அறிகுறி: தோட்டத்தில் நடக்கும்போது தீம் மாறி மாறித் துடிக்கிறது

மலையில் இதுதான் மிக அதிகம். நிழலுக்காக நடப்பட்ட சில்வர் ஓக்கின் இலை இடுக்குகள் வழியே விழும் வெயில், காற்று அசையும் போதெல்லாம் இடம் மாறும். ஓரடி எடுத்து வைப்பதற்குள் உணரியின் மீது விழும் வெளிச்சம் பல மடங்கு ஏறி இறங்கும். இன்ன எண்ணுக்கு மேல் போனால் இந்தத் தீம், கீழே வந்தால் அந்தத் தீம் என்று ஒரே ஒரு எல்லையை மட்டும் வைத்திருந்தால், அந்த எல்லையின் இருபுறமும் அளவு ஊசலாடும் வரை திரையும் ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

முதல் திருத்தம், லக்ஸ் எண்ணை அப்படியே ஒப்பிடாமல் அதன் மடக்கையை (லாக்) எடுத்து ஒப்பிடுவது. நம் கண் வெளிச்சத்தை மடங்குகளில்தான் உணர்கிறது. 100 லக்ஸ் 200 ஆவதும், 10,000 லக்ஸ் 20,000 ஆவதும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே அளவு மாற்றம். நேர்க்கோட்டுக் கணக்கில் சராசரி எடுத்தால், ஒரு கணம் பட்ட வெயில்கீற்று மற்ற எல்லா அளவுகளையும் விழுங்கிவிடும்.

இரண்டாவது, சராசரி எடுக்கும் முறை. ஆண்ட்ராய்டின் வெளிச்ச உணரி சீரான இடைவெளியில் எண்களைத் தருவதில்லை. வெளிச்சம் மாறும்போது மட்டுமே புதிய எண்ணை அனுப்பும். அதனால் கடைசிப் பத்து எண்களின் சராசரி என்று எழுதினால், அந்தப் பத்தும் அரை வினாடிக்குள் வந்தவையாகவும் இருக்கலாம், அரை நிமிடத்தில் வந்தவையாகவும் இருக்கலாம். ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் கொண்டு எடை கொடுத்துச் சராசரி எடுப்பதே சரியான முறை.

மூன்றாவது, ஒரே எல்லைக்குப் பதிலாக இரண்டு எல்லைகளும் ஒரு காத்திருப்பு நேரமும் வைப்பது. எடுத்துக்காட்டாக, 20 லக்ஸுக்குக் கீழே 10 வினாடி நீடித்தால் மட்டும் டார்க் தீமுக்குப் போகலாம். அங்கிருந்து திரும்ப 80 லக்ஸைத் தாண்டி 3 வினாடி நீடித்தால் போதும் என்று வைக்கலாம். இவை தொடக்க எண்களே; உங்கள் பயனர்களின் ஃபோன்களில் சோதித்து நகர்த்திக்கொள்ளுங்கள். ஆனால் இரு காத்திருப்பு நேரங்களும் சமமாக இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இருட்டுக்குள் நுழைந்தவருக்கு வெள்ளைத் திரை சில வினாடிகள் கூசினாலும் எழுத்து தெரியும். வெயிலுக்குள் வந்தவருக்கோ டார்க் தீமில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். வெளிச்சத்தை நோக்கிய மாற்றம் விரைவாகவும், இருளை நோக்கிய மாற்றம் நிதானமாகவும் நிகழட்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயில் இதைச் சோதிப்பதற்கு மிகப் பொருத்தமான இடம். ஏறத்தாழ 46 கிலோமீட்டர் பாதையில் 16 சுரங்கங்கள் உள்ளன. ரயிலும் மெதுவாகவே ஏறும். குறுகிய சுரங்கம் ஒன்றுக்குள் நுழைந்து வெளிவரும்போது தீம் மாறாமலேயே இருக்க வேண்டும். மாறினால் காத்திருப்பு நேரம் குறைவு என்று பொருள்.

இன்னொரு வகைத் துடிப்பும் உண்டு: ஃபோன் மேசைமீது அசையாமல் கிடக்கிறது, அறையும் இருட்டாக இருக்கிறது, ஆனாலும் தீம் மாறிக்கொண்டே இருக்கிறது. சில ஃபோன்களில் வெளிச்ச உணரி திரைக்கு அடியிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், திரை வெளியிடும் ஒளியில் ஒரு பகுதி உணரிக்கே போய்ச் சேர்கிறது. தயாரிப்பாளர்கள் இதைக் கழித்துத்தான் எண்ணைத் தருகிறார்கள் என்றாலும், மிகக் குறைந்த வெளிச்சத்தில் அந்தக் கழிவு துல்லியமாக இருப்பதில்லை; சில வேளை தேவைக்கு மேலேயே கழிந்துவிடும். அப்போது திரை வெண்மையானால் எண் இறங்கி டார்க் தீம் வருகிறது. கறுத்தால் எண் ஏறி லைட் தீம் திரும்புகிறது. இப்படிச் செயலி தன் நிறத்தைத் தானே பார்த்து முடிவெடுக்கும் சுழல் உண்டாகிவிடுகிறது. தீம் மாறிய பின் ஓரிரு வினாடிகளுக்கு உணரியின் எண்களைப் பொருட்படுத்தாமல் விடுவதும், இரண்டு எல்லைகளுக்கும் இடையே உள்ள தொலைவை அகலமாக்குவதும் இதற்குப் போதும்.

அறிகுறி: இருட்டான கொட்டகைக்குள் வந்து நின்ற பிறகும் தீம் மாறவே இல்லை

மேலே சொன்ன காத்திருப்பு நேரத்தைச் சேர்த்த மறுநாளே இந்தப் பழுது வருவது வழக்கம். பத்து வினாடி நீடித்ததா என்ற கேள்வியை உணரியிலிருந்து புதிய எண் வரும்போது மட்டும் கேட்கும்படி எழுதியிருப்பார்கள். கொட்டகைக்குள் வெளிச்சம் மாறாமல் நின்றுவிட்டால் புதிய எண்ணே வராது, கேள்வியும் கேட்கப்படாது, ஃபோனைக் கொஞ்சம் அசைத்த கணத்தில் தீம் மாறும். அசைத்தால் சரியாகிறது என்று பயனர் சொன்னால் இதுதான் காரணம் என்று தயங்காமல் முடிவுக்கு வரலாம். காத்திருப்புக்கு உணரியைச் சாராத தனிக் கடிகாரத்தை ஓடவிட வேண்டும்.

அப்படியும் மாறவில்லை என்றால் உணரியே இல்லாத ஃபோனா என்று பாருங்கள். விலை குறைந்த சில மாடல்களில் அது இருப்பதில்லை; செயலி கேட்கும்போது வெறுமைதான் பதிலாகக் கிடைக்கும். ஐஃபோனில் உணரி இருந்தாலும் அதன் எண்ணைச் செயலிகள் நேரடியாகப் படிக்க ஆப்பிள் பொதுவான வழி எதையும் தரவில்லை. திரை ஒளிர்வு எவ்வளவு என்று கேட்டு ஊகிக்கலாம், ஆனால் பயனர் ஒளிர்வைக் கையால் மாற்றிவிட்டால் அந்த ஊகம் பொய்த்துப்போகும். இத்தகைய ஃபோன்களில், ஃபோனின் பொது அமைப்புகளில் (செட்டிங்ஸ்) தேர்ந்திருக்கும் தீமைப் பின்பற்றுவதே நேர்மையான வழி. ஐஓஎஸ் 13, ஆண்ட்ராய்டு 10 ஆகிய இரண்டிலும் 2019 முதல் அந்த அமைப்பு இருக்கிறது.

நேர்மாறான நிலையும் உண்டு. சாரல் காலத்தில் ஃபோனைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத்தான் கையில் வைத்திருப்பார்கள். உறையின் மடிப்போ பிடித்திருக்கும் விரலோ உணரியை மறைத்தால், பட்டப்பகலில் எண் சட்டென்று சுழியத்தை ஒட்டி விழும். வெயிலிலிருந்து ஒரே தாவலில் கும்மிருட்டு வருவது இயற்கையில் அரிது. அப்படி விழும் எண்ணுக்கு வழக்கத்தைவிட நீண்ட காத்திருப்பைக் கொடுங்கள்.

அறிகுறி: மாறுபாட்டு விகிதம் சரியாக இருந்தும் வெயிலில் எழுத்து தெரியவில்லை

இதை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வடிவமைப்பாளர்கள் பலர் ஒரே ஓர் எண்ணை நம்பி இங்கே ஏமாறுகிறார்கள். இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள், சாதாரண எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5:1 மாறுபாட்டு விகிதமும் (இரண்டின் ஒளிர்வுகளுக்கு இடையே உள்ள விகிதம்), பெரிய எழுத்துக்கு 3:1 விகிதமும் வேண்டும் என்கின்றன. உயர்நிலைத் தகுதிக்குச் சாதாரண எழுத்துக்கு 7:1 வேண்டும். வெள்ளைமீது கறுப்பு 21:1. 0 முதல் 255 வரையிலான அளவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 118 ஆக உள்ள சாம்பல் வெள்ளைமீது 4.5-ஐ மயிரிழையில் தாண்டும். 119 ஆனால் தோற்கும். இந்தக் கணக்கு சரியானதுதான். ஆனால் அது திரையின் மீது வெளியொளி மிகக் கொஞ்சமாகவே விழுகிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது.

வெயிலில் என்ன நிகழ்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரை காட்டக்கூடிய வெண்மை 500 நிட் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) என்றும், திரைக் கண்ணாடி தன்மீது விழும் ஒளியில் 4 விழுக்காட்டைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது என்றும் கொள்வோம். 50,000 லக்ஸ் வெயில் விழுந்தால், திரும்பி வரும் ஒளி 50,000-ஐ 0.04-ஆல் பெருக்கி 3.14-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 637 நிட். இது வெண்மையோடும் சேரும், கறுப்போடும் சேரும். வெண்மை 1,137 நிட், கறுப்பு 637 நிட். 21:1 ஆக இருந்த விகிதம் 1.8:1 ஆகச் சுருங்கிவிட்டது. அந்த 119 சாம்பல் எழுத்தோ 1.6:1 அளவில் நிற்கும். கொட்டகை வாசலின் 10,000 லக்ஸ் வெளிச்சத்தில்கூடக் கறுப்பு வெள்ளை விகிதம் 5:1 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இங்கே நிறத்தைத் திருத்தி வெல்ல முடியாது என்பது கணக்கிலிருந்தே தெளிவு. லைட், டார்க் இரண்டோடு, வெயிலுக்கென்று மூன்றாவது தீம் ஒன்று வேண்டும். 10,000 லக்ஸைத் தாண்டினால் அது வரட்டும், 4,000-க்குக் கீழே இறங்கினால் போகட்டும். அதில் தூய வெள்ளைப் பின்புலம், தூய கறுப்பு எழுத்து, இவ்விரண்டும் மட்டுமே இருக்க வேண்டும். சாம்பல் எழுத்தையும், மெல்லிய கோடுகளையும், நிழல் வைத்துக் காட்டும் பொத்தான்களையும் நீக்கிவிடுங்கள். எழுத்தின் தடிமனை ஒரு படி கூட்டுங்கள். எடையைக் காட்டும் எண்ணைப் பல மடங்கு பெரிதாக்குங்கள். விகிதம் குறைந்த இடத்தில் கைகொடுப்பது எழுத்தின் பருமன்தான்.

டார்க் தீமிலும் இதே விகிதம்தானே வரும் என்று கேட்கலாம். கணக்கில் வரும். ஆனால் கறுப்பான பரப்பு வானத்தையும் படிப்பவரின் முகத்தையும் கண்ணாடி போலப் பிரதிபலிப்பதால் எழுத்தோடு அந்தப் பிம்பமும் போட்டியிடும். வெள்ளைப் பரப்பில் அந்தப் பிம்பம் மங்கிவிடும். மேலும் பல ஃபோன்கள் தானியங்கி ஒளிர்வு இயங்கும்போது மட்டுமே வெயிலில் தம் உச்ச ஒளிர்வுக்குப் போகும்; பேட்டரியை மிச்சப்படுத்த அதை அணைத்து வைத்திருப்பவர்களுக்குச் செயலியின் உதவிப் பக்கத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அறிகுறி: பனி மூடியதும் டார்க் தீம் வந்துவிடுகிறது

பனி என்றால் வெளிச்சம் குறைவு என்று நினைத்து எழுதப்பட்ட விதியே காரணம். பகலில் மூடுபனிக்குள் நின்றாலும் உணரி பல ஆயிரம் லக்ஸ் காட்டும். விளக்கெரியும் தொழிற்சாலை உட்பகுதியின் 100 முதல் 300 லக்ஸைவிட அது மிக அதிகம். வெயிலில் திரையைச் சற்றுத் திருப்பி நிழல் செய்துகொள்ளலாம். பனியிலோ நாலாபுறமும் ஒரே வெண்மையாக இருப்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் டார்க் தீமின் மேல் வெள்ளை படரும். ஆகவே பனிக்கு ஏற்றது லைட் தீம். வானிலைத் தகவலை வாங்கித் தீமைத் தீர்மானிக்கும் விதி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

சூரிய உதயம், மறைவு நேரத்தைக் கொண்டு தீம் மாற்றும் விதிக்கும் மலையில் இதே கதிதான். அந்த நேரங்கள் தடையற்ற சமதள அடிவானத்துக்குக் கணிக்கப்படுபவை. கேத்தி போன்ற பள்ளத்தாக்கில் அட்டவணை சொல்லும் நேரத்துக்கு வெகு முன்பே வெயில் மலைமுகட்டுக்குப் பின்னால் போய்விடும். முகட்டில் இருப்பவருக்கோ அதே நேரத்தில் வெயில் கண்ணில் அடிக்கும்.

அறிகுறி: டார்க் தீமில் தமிழ் எழுத்துகள் குழம்புகின்றன

கறுப்பின் மீது வெள்ளைக் கோடு அதன் உண்மையான அகலத்தைவிடத் தடித்துத் தெரியும். ஒளி சற்றுக் கசிந்து பரவுவது போன்ற தோற்றம் இது, கண்ணில் பார்வைக் குறை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். ஆங்கில எழுத்துகளில் இதனால் பெரிய சேதம் இல்லை. தமிழிலோ ண, ன இரண்டின் உட்சுழிகளும் அடைபடும்; ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்று போலாகும்; மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் அடுத்தடுத்து வரும் இரு பெயர்களுக்கும் வேறுபாடு தெரியாமல் ஒருவருடைய இலை மற்றவர் கணக்கில் ஏறினால் அதைச் சின்னக் குறை என்று எப்படிச் சொல்வது?

தூய வெள்ளைக்குப் பதிலாக மூன்று நிறக் கூறுகளும் 225 அளவில் உள்ள வெண்மையையும், தூய கறுப்புக்குப் பதிலாக 18 அளவில் உள்ள கருமையையும் வையுங்கள். அப்போதும் விகிதம் 14:1 அளவில் இருக்கும், தேவைக்கு மேல்தான். எழுத்தின் தடிமனை லைட் தீமில் இருப்பதைவிட ஒரு படி குறையுங்கள், அளவைக் குறைக்காதீர்கள். வரி இடைவெளியை மேல்வரியின் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் புள்ளியும் தொடாத அளவுக்கு விடுங்கள். சோதிக்கும்போது ஆங்கில மாதிரி வாசகத்தை விட்டுவிட்டு, ண், ன், ணை, னை, கெ, கே எல்லாம் வரும் உண்மையான பெயர்ப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: தீம் மாறியதும் தட்டச்சு செய்த எடை அழிந்துபோகிறது

ஆண்ட்ராய்டில் தீம் மாறும்போது நடப்பிலுள்ள திரை அழிக்கப்பட்டு மறுபடி உருவாக்கப்படுவதே இயல்பான நடைமுறை. 18.5 என்று பாதி நிரப்பிய படிவம், சுருள் நிலை, திறந்திருந்த உரையாடல் பெட்டி யாவும், முறையாகச் சேமிக்கப்படாவிட்டால், அதோடு போய்விடும். திரை சுழலும்போது அழியாமல் காப்பதற்கு எழுதும் அதே சேமிப்பு முறை இங்கும் வேலை செய்யும். ஆகவே ஃபோனைக் குறுக்கே திருப்பிப் பார்த்தாலே இந்தப் பழுதை எளிதில் வரவழைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

சேமித்தால் மட்டும் போதாது என்பது என் எண்ணம். விரல் திரையில் இருக்கும்போதும், எண் உள்ளிடப்படும்போதும், தராசின் எடை நிலைபெற்று விவசாயி அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதும் தீம் மாறவே கூடாது. பதிவு முடிந்து அடுத்த பெயர் வரும் இடைவெளி வரை மாற்றத்தை ஒத்திவையுங்கள். எடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் முன்னால் திரை முழுதும் நிறம் மாறினால், எண்ணும் மாறிவிட்டதோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

அறிகுறி: ஒரு தீமில் நன்றாகத் தெரியும் பச்சை மற்றதில் மங்குகிறது

சிவப்பு 76, பச்சை 175, நீலம் 80 கொண்ட பரவலான பச்சை, 18 அளவுக் கருமையின் மேல் 6.7:1, வெள்ளையின் மேல் வெறும் 2.8:1. ஒரே நிறத்தை இரண்டு தீமுக்கும் பொதுவாக வைக்க முடியாது. நிறத்தின் எண்ணை நேரடியாக எழுதாமல் 'ஏற்கப்பட்டது', 'திருப்பப்பட்டது' என்று அதன் பொறுப்பைப் பெயராக வைத்து, ஒவ்வொரு தீமுக்கும் தனி மதிப்பைக் கொடுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்காகவும், வெயிலில் நிறமே வெளுத்துப்போகும் என்பதற்காகவும், நிலையைச் சொல்லாலும் குறியாலும் சேர்த்தே காட்டுங்கள்.

அறிகுறி: டார்க் தீமில் செயலியைத் திறந்ததும் ஒரு கணம் வெள்ளை பளிச்சிடுகிறது

செயலியின் முதல் திரை வரையப்படும் முன் இயங்குதளம் காட்டும் சாளரத்தின் பின்புலம் வெள்ளையாகவே விடப்பட்டிருக்கிறது. அதற்கும் தீமுக்கேற்ற நிறம் கொடுக்க வேண்டும். இணையப் பக்கமானால், பக்கம் இரு தீம்களையும் ஏற்கும் என்ற அறிவிப்பைத் தலைப்பகுதியின் தொடக்கத்திலேயே வைக்க வேண்டும். விடியுமுன் காய்கறி ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் ஓட்டுநருக்கு இது பாதுகாப்புப் பிரச்சினை. கண் இருளுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்தப் பழக்கத்தைக் கெடுக்க ஒரு பளிச்சிடல் போதும்.

அறிகுறி: பயனர் கையால் மாற்றிய தீம் சிறிது நேரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது

உணரியின் முடிவு பயனரின் முடிவை மேலெழுதுகிறது. முன்னுரிமை வரிசையைக் கடைசியாக ஒரு முறை சரிபாருங்கள்: பயனர் தேர்ந்தது முதலில், அவர் எதையும் தேராதபோது மட்டும் உணரி, உணரி இல்லாதபோது ஃபோனின் பொது அமைப்பு. 'எப்போதும் லைட்', 'எப்போதும் டார்க்', 'வெயில்', 'தானாக' என்ற நான்கும் அமைப்புப் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்காமல் எடைத் திரையிலேயே ஒரே தொடுதலில் கிடைக்கட்டும். அவர் 'தானாக' என்பதை மறுபடி தொடும் வரை, செயலியை மூடித் திறந்தாலும் ஃபோனை அணைத்துப் போட்டாலும், அவர் வைத்த தீம் அப்படியே நிற்க வேண்டும். அதுவரை வெளிச்ச உணரியின் பதிவையும் நிறுத்தி வையுங்கள், பேட்டரியும் மிஞ்சும்.